ரங்கூனில் புரட்டாசி: ஙாப்பியிடம் மாட்டாமல் விரதம் இருக்க

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவன் யார் நமக்கு விரதம் சொல்லித் தர என்று தோன்றும். 23 வயதில், புரட்டாசி முதல் சனிக்கிழமை, தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை இருப்பேன் என்று வீட்டில் சவால் விட்டேன். இருக்கவும் செய்தேன். அன்று முழுக்க நான் பார்த்த ஒரே வேலை கடிகாரத்தைப் பார்த்ததுதான். ஆறரை மணிக்குத் தளிகை போட்டுத் தீபாராதனை காட்டி இலையில் உட்கார்ந்தவன், சாம்பார் சோறு, புளியோதரை, நாலு வடை, இரண்டு தம்ளர் பாயசம், அதற்கு மேல் தயிர்சாதம் என்று இறங்கினேன். ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பெகுவில் இருந்து வந்திருந்த அப்பாயி வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டு, "உன் வயிறுதான்டா பட்டினி கிடந்துச்சு. நீ காலையில இருந்து மனசுக்குள்ள தின்னுக்கிட்டேதான் இருந்த" என்றது.

அதற்குப் பிறகு இருபது புரட்டாசி போயிருக்கும். அதில் பாதி உருப்படியாக இருந்தேன், பாதி சொதப்பினேன். இப்போது தம்பி, மச்சான், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் என்று ஆள் ஆளுக்குக் கேட்பதால், எதிலும் ஙாப்பி, அதாவது உப்பில் புளிக்கவைத்த மீன், இறால் விழுது, ஒளிந்திருக்கிற பர்மாவில் இருந்துகொண்டு இதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எந்த விரதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் "விரதம்" என்ற ஒரே சொல்லில் நாலு விஷயம் இருக்கிறது. மாசம் முழுக்கக் கவுச்சி தொடாமல் இருப்பது ஒன்று. சனிக்கிழமை மட்டும் ஒருபொழுது, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு, இன்னொன்று. பால், பழத்தோடு நாளை ஓட்டுவது மூன்றாவது. ஒன்றுமே சாப்பிடாத முழு உபவாசம் நாலாவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே நாலாவதில் போய்க் குதிப்பதுதான் வழக்கம், என்னைப் போல. வேண்டாம். முதல் வருஷம் மாசம் முழுக்கக் கவுச்சியை விடுங்கள், சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருங்கள், அது போதும். புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறந்து அக்டோபர் நடுவில் முடிகிறது, அதில் நாலு அல்லது ஐந்து சனிக்கிழமை வரும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஒரு வேளையை எப்போது வைத்துக்கொள்வது? எங்கள் வீட்டில் இதில் சண்டையே நடந்திருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும் என்பது பெரியப்பா கட்சி. நான் மதியக் கட்சி. காலையில் குளித்து, பத்தரை பதினொன்றுக்குள் தளிகை போட்டு, பன்னிரண்டு மணிக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுவேன். அதன் பிறகு மறுநாள் காலை வரை தண்ணீர், வெறும் தேநீர், முடியவில்லை என்றால் ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு தம்ளர் பால். சாயங்காலத்துக்குச் சாப்பாட்டை வைத்தால் நாள் பூராவும் அதற்காகக் காத்திருப்போம், காத்திருந்து கிடைக்கும் சாப்பாடு பரிசு மாதிரி ஆகிவிடும், பரிசை யாராவது அளவாக எடுப்பார்களா? மதியமே சாப்பிட்டு எழுந்துவிட்டால் அன்றைக்கு எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத சாயங்காலம்தான் உண்மையான விரதம் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த ஊரில் பன்னிரண்டு மணிக்கு மேல் சாப்பிடமாட்டேன் என்று சொன்னால் யாரும் "ஏன், என்ன ஆச்சு" என்று கேட்பதில்லை. பிக்குகள் நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாசோ பௌர்ணமியில் இருந்து தடிஞ்சு பௌர்ணமி வரைக்கும் மூன்று மாசம் பர்மியர்களுக்கு "வாதுவின்" என்கிற மழைக்கால நோன்புக் காலம், ஏறக்குறைய ஜூலையில் இருந்து அக்டோபர் வரை. அந்த மாசங்களில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, வீடு மாறுவதில்லை. நம்மவர்கள் ஆடியிலும் புரட்டாசியிலும் கல்யாணம் வைக்காத மாதிரியேதான். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி என்று மாசத்துக்கு நாலு நாள் வீட்டுப் பெரியவர்கள் எட்டு சீலம், அதாவது புத்தர் சொன்ன எட்டு ஒழுக்கங்கள், எடுத்து மதியத்துக்கு மேல் பட்டினி இருப்பார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் உபோ. நம்முடைய உபவாசமும் அதுவும் ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள். ஆபீஸில் மதியத்துக்கு மேல் யாராவது பலகாரம் நீட்டினால், இன்றைக்கு உபோ என்று ஒரு சொல் சொல்லுங்கள், தட்டு தானாக நகர்ந்துவிடும். தமிழர் வீடுகளில்தான் "ஒரே ஒரு வடை, சாமிக்குப் படைச்சதுதான், தோஷமில்லை" என்று விடாமல் நிற்பார்கள்.

சரி, எல்லாரும் இருக்கலாமா என்றால், கூடாது. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த அபாயம் குறைவு, ஆனாலும் டாக்டரிடம் கேட்டு வேளையையும் அளவையும் மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும், தானாக மாத்திரையை நிறுத்துவது கூடவே கூடாது. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் பெருமாளே நேரில் வந்து நின்றாலும் விரதத்தை விட்டுவிடுங்கள். சர்க்கரை பார்க்கிற மெஷினில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். மெஷின் கையில் இல்லை என்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் சீனியைக் குடியுங்கள். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்க வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வளர்கிற பிள்ளைகள், வயிற்றுப் புண் உள்ளவர்கள் கவுச்சியை மட்டும் விட்டால் போதும், பட்டினி வேண்டாம்.

இன்னொரு வகை ஆட்கள் உண்டு, இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டோடு ஏற்கெனவே சண்டையில் இருப்பவர்கள். குண்டாகிவிடுவோம் என்று பயந்து நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, பிறகு ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பானையைக் காலி செய்வது, விரலை விட்டு வாந்தி எடுப்பது. அப்படி ஒரு பெண்ணை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு விரதம் என்பது நல்ல மறைப்பாகப் போய்விட்டது. சாப்பிடாமல் இருந்தால் வீட்டில் திட்டுவார்கள், விரதம் என்று சொன்னால் மெச்சுவார்களே. வருஷத்தில் இல்லாத விரதமெல்லாம் பிடித்தது. நாங்கள் எல்லாரும் "என்ன பக்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தோம், வெட்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பட்டினி விரதத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். மாவிளக்கு போடட்டும், கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கட்டும். டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

இப்போது தயாரிப்பு. புரட்டாசிக்கு ஒரு வாரம் முன்னால் செய்ய வேண்டிய ஒரே காரியம் தேநீரைக் குறைப்பது. முதல் சனிக்கிழமை பாதிப் பேருக்குத் தலை பிளக்கும், பசியால் என்று நினைப்பார்கள். பசி இல்லை, தேநீர்தான். நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிக்கிற உடம்பு, கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 மணி நேரத்தில் இருந்து 24 மணி நேரத்துக்குள் தேடத் தொடங்கும், அதன் பிறகு இரண்டு நாளாவது மண்டையிடிதான். அதனால் ஒரு வாரம் முன்பே ஆறு கோப்பையை நாலாக்குங்கள், நாலை இரண்டாக்குங்கள். நம் ஊர் தேநீரில் டின் பால் வேறு, ச்சோ செயின் என்கிற அந்தத் தித்திப்பான கெட்டித் தேநீர் ஒன்று குடித்தால் அது பாதிப் பலகாரம். விரத நாளில் அதற்குப் பதில், தேநீர்க்கடை மேசையில் ஃபிளாஸ்கில் காசில்லாமல் வைத்திருப்பார்களே, அந்த வெறும் பச்சைத் தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள். தலைவலியையும் தடுக்கும், சீனியும் இல்லை.

அடுத்தது சாமான். காளி கோயில் பக்கம், தெயின்ஜீ சந்தைக்குள் நுழைந்தால் புளி, பெருங்காயம், துவரம்பருப்பு, உளுந்து, வாழை இலை எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். 1871இல் நம் ஆட்கள் கட்டிய கோயில் அது, அதைச் சுற்றியே நம் சமையலறை இன்னும் உயிரோடு இருக்கிறது. உளுந்துக்குக் கவலையே வேண்டாம், இந்தியா வெளியில் இருந்து வாங்குகிற உளுந்தில் பெரும்பங்கு இங்கே விளைவதுதான். சென்னையில் இட்லி சாப்பிடுகிறவர்கள் பாதி நாள் பர்மாவைச் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கே தெரியாது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊர் இது. அதனால் மாவை முதல் நாள் ராத்திரி கரண்ட் இருக்கும்போதே அரைத்து வைத்துவிடுங்கள், கரி அடுப்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், மிக்ஸி நின்று போனால் அம்மியில் துவையல் அரைக்கலாம். மாசம் முழுக்கக் கவுச்சி இல்லை என்றால் தினம் ஒரு வேளையாவது பருப்போ சுண்டலோ இருக்கட்டும். வெறும் சோறும் உருளைக்கிழங்குமாக ஓட்டுகிறவர்கள்தான் பத்தாம் நாள் "உடம்பு தாங்கலை" என்று கோழிக்கடையில் நிற்பார்கள்.

இனி ஙாப்பி. இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் சைவமாக இருப்பது சுலபம், ஓட்டல் வாசலில் பலகை இருக்கும். இங்கே கத்தரிக்காய்க்குள் கருவாடு ஒளிந்திருக்கும். மோகிங்கா மீன் குழம்பு என்பது தெரியும், அதில் யாரும் ஏமாறமாட்டார்கள். ஏமாறுவது கீரையில். புளிச்சக்கீரையைப் பார்த்ததும் நம் வீட்டுக் கடையல் நினைவு வரும், ஆனால் பர்மியர் சமைக்கும் சின்பாங்கில் காய்ந்த இறாலோ ஙாப்பியோ இல்லாமல் இருப்பது அபூர்வம். தோக் என்றால் கையால் பிசைந்த சாலட்; இஞ்சித் தோக், தேயிலைத் தோக், தக்காளித் தோக் எல்லாவற்றிலும் இறால் தூள். வதக்கின காயில் மீன் சாஸ் அல்லது சிப்பி சாஸ். சோற்றுக்குப் பக்கத்தில் தொட்டுக்கொள்ள வைக்கிற பலச்சாங்கோ முழுக்க இறால்தான்.

இதற்கு மந்திரச் சொல் ஒன்று உண்டு: தெத்-தத்-லுத். உயிர்க்கொலை நீங்கியது என்று பொருள். கடையில் உட்கார்ந்ததும் இதைச் சொல்லுங்கள். காய்கறி மட்டும் கொடுங்கள் என்று சொன்னால் காய்கறியோடு இறால் தூளும் வரும், ஏனென்றால் சமைக்கிறவருக்கு அது கவுச்சி இல்லை, உப்பு மாதிரி ஒரு சாமான். தெத்-தத்-லுத் என்றால்தான் உள்ளே வேறு சட்டியை எடுப்பார்கள். வாதுவின் காலத்தில் பர்மியர்களிலேயே நிறையப் பேர் இப்படி இருப்பதால் அந்த மூன்று மாசமும் கடைக்காரர்களுக்கு இது பழகியிருக்கும், புரட்டாசியின் பெரும்பகுதி அதற்குள்ளேயே விழுவது நம் அதிர்ஷ்டம். அதோடு விடாமல் பசுன்-சவுக் வேண்டாம், ஙன்பியாயே வேண்டாம் என்று இறாலையும் மீன் சாஸையும் பெயர் சொல்லியே தடுத்துவிடுங்கள். முட்டை, பூண்டு விடுகிறவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

நான் நம்பிச் சாப்பிடுவது எது என்று கேட்டால், காலையில் தேநீர்க்கடையில் நான்பியா என்கிற நான் ரொட்டியும் பே பியோவும். பே பியோ என்பது அவித்த பட்டாணி, எண்ணெயும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கொடுப்பார்கள். போன வருஷம் ஒரு கடையில் தெத்-தத்-லுத் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன், பையன் தட்டைக் கொண்டுவந்து வைத்தான், பட்டாணி மேல் பொன்னிறமாக ஏதோ தூவியிருந்தது. வெங்காயம் என்று நினைத்து விரலால் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதற்கு இரண்டு கண். "ஞீலே (தம்பி), இது என்ன?" என்றேன். அவன் குனிந்து பார்த்து, "ரொம்பச் சின்னது அண்ணே" என்றான். தூவுகிறவர் தூவுகிற வேகத்தில் கை தவறுவது சகஜம், தட்டு வந்ததும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஷான் கடைகளில் கிடைக்கும் தோஃபுவும் நல்லது. பெயரைக் கேட்டுச் சோயா என்று நினைக்காதீர்கள், கடலை மாவைக் காய்ச்சிச் செய்வது அது. தோஃபு நுவே கேட்டால் அதைச் சூடாகக் கூழ் மாதிரி அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள், மேலே கறி போடாமல் தரச் சொன்னால் போதும். பரோட்டாவுக்குப் பட்டாணி தொட்டுக்கொள்ளலாம், ஆனால் அதே கல்லில் முட்டை போடுவார்கள், உங்களுக்கு அது ஆகுமா ஆகாதா என்பது உங்களுக்கும் பெருமாளுக்கும் உள்ள விவகாரம்.

அப்படியும் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள். நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு ஆபீஸ் விருந்தில் சமைத்தவர் எல்லாம் சைவம்தான் என்று சத்தியம் செய்தார், கத்தரிக்காயை வாயில் வைத்ததும் ஙாப்பி மணம் ஏறியது. அன்றைக்குப் புரட்டாசி பதினோராம் நாள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று மனசு ஒரு கணக்குப் போட்டது பாருங்கள், பக்கத்துத் தட்டில் இருந்த கோழியை எடுத்துத் தின்றேன், சாயங்காலம் வீட்டில் மீன் வாங்கிவரச் சொன்னேன், அந்த வருஷ விரதம் அதோடு சரி. பத்து நாள் கட்டினது ஒரு துண்டு கத்தரிக்காயில் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கத்தரிக்காயால் போகவில்லை, அதற்குப் பிறகு வந்த கோழியால் போனது. அதனால், தெரியாமல் வாயில் போனால் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த வேளையில் இருந்து வழக்கம்போலத் தொடருங்கள். ஒன்றாம் நாளில் இருந்து மறுபடி எண்ண வேண்டியதில்லை, வீட்டில் அறிவிக்கவும் வேண்டியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வருவோம். வயிற்றுப் பசி வேறு, வாய் நமநமப்பு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே தினம் நாலு மணிக்கு ஒரு அமா (பர்மிய மொழியில் அக்கா) சமோசாத் தோக் விற்க வருவார். சமோசாவைக் கத்தரிக்கோலால் சரக் சரக் என்று வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோஸ், புதினா, எலுமிச்சை, பருப்புத் தண்ணீர் ஊற்றிக் கலக்குவார். ஒரு விரத நாளில்தான் அதைக் கவனித்தேன்: மூன்றே முக்கால் வரைக்கும் எனக்குப் பசியே இல்லை, கத்தரிக்கோல் சத்தம் கேட்ட மறு நிமிஷம் வாயில் எச்சில் ஊறுகிறது, வயிறு இரைகிறது. வருஷக்கணக்காக நாலு மணிக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கிண்ணத்தை வாங்கியிருக்கிறேன். பசித்தது காதுக்கு.

இதற்கு உடம்பில் காரணமும் இருக்கிறது. வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தில் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்கிவிடும். பசி அலை மாதிரி, மேலே மேலே ஏறிக்கொண்டே போவதில்லை. அந்த அரை மணியை எப்படியாவது ஓட்டிவிடுங்கள்: ஒரு தம்ளர் தண்ணீர், தெருமுனை வரை ஒரு நடை, அக்காவுக்கு ஒரு போன். கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்தே ஆரோக்கியமான ஆளுக்கு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும், மதியம் சாப்பிட்டவர் ராத்திரி மயங்கி விழுவதற்கு ஒன்றுமில்லை. தண்ணீரை மட்டும் விடாதீர்கள். மழை விட்டு வெயில் ஏறுகிற நேரம் அது, ரங்கூன் புழுக்கத்தில் தண்ணீர் இல்லாத விரதம் சிறுநீரைத்தான் மஞ்சளாக்கும், புண்ணியத்தைக் கூட்டாது. இளநீர் குடிக்கலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக் குடியுங்கள்.

கோபத்தையும் சொல்ல வேண்டும். விரதம் இருக்கிற ஆம்பளைகள் அன்று வீட்டில் பண்ணுகிற அலப்பறை இருக்கிறதே! பூ எங்கே, இலை ஏன் கிழிந்திருக்கிறது, பிள்ளை ஏன் கத்துகிறான். பல வீடுகளில் பெண்கள் தாங்களும் விரதம் இருந்துகொண்டு, இருக்காத பிள்ளைகளுக்கு மீன் குழம்பும் வைத்துவிட்டு, இந்தக் கூச்சலையும் கேட்கிறார்கள். சனிக்கிழமையாவது வீடு முழுக்க ஒரே சமையல் என்று வைத்துவிடுங்கள், காயை நீங்கள் நறுக்குங்கள். வாயில் ஒன்றும் போடாமல் இருக்கிறவன் வாயில் இருந்து வருவதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

விரதம் முடிக்கிற விதம்தான் பாக்கி. மதியம் சாப்பிட்டு மறுநாள் காலை முடிக்கிறவர்களுக்குப் பெரிய சடங்கு ஒன்றும் தேவையில்லை, இட்லியோ கஞ்சியோ வழக்கமான அளவில் சாப்பிடுங்கள், நேற்று விட்டதையும் சேர்த்து அல்ல. முழு நாள் உபவாசம் இருந்தவர்கள் பானகத்தில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கருப்பட்டி, அதாவது சந்தையில் தன்யெட் என்று குவித்து வைத்திருப்பார்களே அதுதான். அதைத் தட்டிப் போட்டுக் கரைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தால் நாலு பேருக்கு ஆகும். குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். இருபது நிமிஷம் கழித்துப் பாசிப்பருப்புக் கஞ்சி ஒரு கிண்ணம். அதற்குப் பிறகும் பசித்தால்தான் சோறு. எண்ணெய்ப் பலகாரத்தை அன்று இலையிலேயே வைக்கச் சொல்லாதீர்கள், வைத்துவிட்டுத் தின்னாமல் இருக்க நாம் என்ன ரிஷியா. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நாலைந்து நாள் இருக்கப் போகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள், அதை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் செய்யவே கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறலாம்.

எடை பார்க்கிற மெஷினை மாசம் முழுக்க ஒளித்து வைத்துவிடுங்கள். முதல் வாரம் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர், அதைப் பார்த்துப் பூரித்து இன்னும் ஒரு வேளையை வெட்டலாமா என்று தோன்றும், அது வேறு பாதை.

கடைசிச் சனிக்கிழமை நாங்கள் அனவரத்தா சாலையில் இருக்கிற வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் பக்கத்து வீட்டு அமாவுக்குக் கொடுத்தனுப்புவோம். அவர் தடிஞ்சு விளக்குகளுக்கு மெழுகுவர்த்தி எண்ணிக்கொண்டிருப்பார், அல்லது தடிஞ்சு முடிந்து பெட்டியில் கட்டிக்கொண்டிருப்பார், வருஷத்தைப் பொறுத்தது. எப்படி இருந்தாலும் ஒரே கேள்விதான்: முடிந்துவிட்டதா, நாளைக் காலையில் மோகிங்கா கொண்டுவரட்டுமா? நாளைக்கு வேண்டாம் அமா, புரட்டாசி முடியட்டும் என்று சொல்லுங்கள். புரட்டாசி முடிந்த பிறகு முதல் மீன், மாசம் முழுக்கப் பருப்பில் இருந்த வயிற்றுக்கு, அரைக் கிண்ணம் போதும். குழம்பும் நூடுல்ஸும் மட்டும், மேலே நொறுக்குகிற பே-ஜோ வடையும் முட்டையும் இல்லாமல். அன்று ஙாப்பி மணம் மூக்கில் ஏறும்போது, முப்பது நாளுக்கு முன்னால் இது இவ்வளவு காரசாரமாகவா இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கும், அதனால் முதல் வாய்க்கு மிளகாய்த் தூள் போட்டுவிடாதீர்கள்.